ஆக் காட்டுங்க சாமி

என் கணவரின் அக்காவுக்கு மரியாதை அதிகம். யாரையும் ஒருமையில் பேச மாட்டார். காய் கொண்டுவரும் பையனுக்கும் ‘ங்க’ போடுவார், முற்றத்தில் மேயவரும் மாட்டை விரட்டும்போதுகூடப் பாதி ‘ங்க’ வந்துவிடும். தரையில் கால்களை நீட்டி உட்கார்ந்து, அந்தக் கால்களுக்கு நடுவே என் மகளை மல்லாக்கப் போட்டு, அவள் கைகள் இரண்டையும் தன் தொடைகளுக்கு அடியில் செருகி, மூக்கைப் பிடித்துக்கொண்டு ராகிக் கூழை வாய்க்குள் தள்ளும்போதும் அவர் அந்த மரியாதையைக் கைவிட்டதில்லை.

“ஆக் காட்டுங்க சாமி. ஒரே ஒரு வாயிங்க. நல்ல சாமியில்லீங்களா நீங்க?”

மூக்கைப் பிடித்தால் குழந்தை எவ்வளவு நேரம்தான் வாயை மூடிக்கொண்டிருக்கும். மூச்சுக்காக வாய் திறக்கும். திறந்த அந்த நொடியில் கரண்டி உள்ளே போய்விடும். அழுவதற்காக எடுத்த மூச்சும் கூழும் ஒன்றாக உள்ளே இறங்கும்போது ஒரு சத்தம் வரும். குளியலறைக் குழாயில் காற்றடைத்துத் தண்ணீர் வரும்போது கேட்குமே, அந்தச் சத்தம். அதைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். ஒரு வாய் உள்ளே போய்விட்டதல்லவா.

எங்கள் பக்கத்தில் கணவரின் அக்காவை நங்கையா என்று கூப்பிடுவோம். மேட்டுப்பாளையத்துக்காரர். என் கணவருக்கு நினைவு தெரியும் முன்பே அவர்களுடைய அம்மா இறந்துபோனார். தம்பியைத் தூக்கி வளர்த்தது அக்காதான். பிறகு அவருக்குக் கல்யாணம் ஆனது, குழந்தை இல்லை, கணவரும் போய்ச் சேர்ந்தார். உலகத்தில் அவர் வளர்த்ததற்கு ஒரே சாட்சி என் கணவர்தான். அந்தச் சாட்சியை நான் கல்யாணம் செய்துகொண்டேன்.

கீழ் கோத்தகிரியில் ஒரு எஸ்டேட்டின் ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். கணவர் ஃபேக்டரியில் டீ மேக்கர். இலை வாடுவதிலிருந்து தூள் மூட்டையாகும் வரை அவர் பொறுப்பு. நான் எஸ்டேட் ஆபீஸில் கிளார்க். பிரசவ லீவு முடியும் நாள் நெருங்க நெருங்க, குழந்தையை யாரிடம் விடுவது என்று வீட்டில் பேச்சு எழுந்தது. ஆபீஸுக்குக் கீழேயே பிள்ளைக் காம்பரா இருக்கிறது. இலை பறிக்கப் போகும் பெண்கள் குழந்தைகளை அங்கேதான் விட்டுவிட்டுப் போவார்கள். வரிசையாக உட்கார்ந்து தட்டில் கைவைத்துத் தின்றுகொண்டிருக்கும் அந்தக் குழந்தைகளை ஆபீஸ் ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். அங்கே விடலாம் என்றேன்.

“ஸ்டாஃப் வீட்டுப் புள்ளைய அங்க உட்டா நாலு பேரு என்ன பேசுவாங்க?” என்றார் கணவர். “அக்காவ வரச் சொல்றேன். என்னய வளத்தவங்க.”

நாலு பேர் ஒன்றும் பேசியிருக்க மாட்டார்கள். பேசக்கூடிய அந்த நாலாவது ஆள் இவர்தான்.

நங்கையா வரும்போது ஒரு பை ராகி, ஒரு குழிவான எவர்சில்வர் கரண்டி, ஒரு போட்டோ மூன்றையும் கொண்டுவந்தார். போட்டோவில் என் கணவர், ஒரு வயதுக்குக் கொஞ்சம் கூட, இடுப்பில் கயிற்றைத் தவிர ஒன்றுமில்லாமல், மடிப்பு மடிப்பாகச் சதை வழிய, கண் இருக்கும் இடம் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார். அதை டிவி பக்கத்தில் வைத்தார். “இந்தக் கரண்டியிலதானுங்க ஊட்டுனேன். அந்த வயசுல என்ற தம்பியத் தூக்குனா இடுப்பு ஒடிஞ்சிரும்” என்றார். அந்தக் கொழுகொழு குழந்தை இப்போது சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, ஃபேக்டரியிலிருந்து குவார்ட்டர்ஸுக்கு ஏறும் மேட்டில் நின்று நின்று மூச்சு வாங்குகிறது. அதை நான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

என் மகள் பிறந்ததிலிருந்தே மெல்லிசு. என் அப்பா வழி உடம்பு. ஒரு வயது தாண்டியதும் ஓடினாள், பேசினாள், கையில் கிடைத்ததை உடைத்தாள். ஆனால் மெலிந்த குழந்தையை வைத்திருக்கும் தாயை இந்த ஊர் சும்மா விடாது. மலையில் இருப்பதால் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக் கொஞ்சம் மறைக்கலாம். அப்போதும் கைநீட்டிக் கன்னத்தைப் பிடித்துப் பார்ப்பார்கள். சந்தையில் கத்தரிக்காயை அழுத்திப் பார்ப்பார்களே, அப்படி. கடையில், பஸ்ஸில், ஆபீஸ் வராந்தாவில், பேர் தெரியாதவர்கள்கூட உரிமையோடு கேட்பார்கள்.

“ஏனுங்க, புள்ள ஏன் இப்படி இளைச்சுக் கெடக்குது? உங்களுக்குப் பாலு பத்தலீங்களா?”

இந்தக் கேள்விக்கு நான் பல பதில்கள் வைத்திருந்தேன். “இல்லீங்க, வித்துட்டேன்” என்று ஒரு முறை சொன்னேன். அது எப்படியோ நங்கையா காதுக்கு வந்துவிட்டது. அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மரியாதையோடுதான் பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் எடை போடும் வழக்கம் தொடங்கியது. சாயங்காலம் பறித்த இலையைப் பெண்கள் சுமந்துவந்து வரிசையில் நிற்பார்கள். தகரக் கொட்டகையில் தராசு. கணக்குப்பிள்ளை ஒவ்வொரு மூட்டையாக எடை சொல்லுவார். மழை நாளில் இலையோடு தண்ணீரும் சேர்ந்து எடை கூடிவிடும் என்பதால் ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழிப்பார். அதில் தினமும் ஒரு சண்டை நடக்கும். அந்தக் கொட்டகைக்கு நங்கையா என் மகளைத் தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்தார். இலை முடிந்ததும் குழந்தையைத் தராசில் உட்காரவைத்துவிடுவார். ஒரு மழை நாளில் நான் ஆபீஸ் முடிந்து அந்த வழியாக வந்தபோது என் மகள் தராசுத் தட்டில் இருந்தாள். ஸ்வெட்டரும் குல்லாவும் நனைந்து ஒட்டியிருந்தன. சுற்றிலும் காலிச் சாக்குகளோடு பெண்கள்.

கணக்குப்பிள்ளை எடையைச் சொல்லிவிட்டு எழுதுகிற மாதிரி கையை ஆட்டினார். “ஈரம் எச்சா இருக்குதுங்க. ஈரத்துக்குக் கொஞ்சம், ஸ்வெட்டருக்குக் கொஞ்சம் கழிச்சுட்டா, மிச்சம் குல்லாதானுங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். தினமும் தங்கள் இலையில் கழிக்கப்பட்டு வயிறெரிந்து நிற்கிற பெண்கள். அன்று கழிக்கப்பட்டது வேறொருத்தியுடையது என்றதும் மனம் விட்டுச் சிரித்தார்கள். கூட்டத்தில் என் மகளும் சிரித்தாள், எதற்கென்று தெரியாமல். நங்கையா மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகம் சுருங்கிப்போயிருந்தது. அவமானப்பட்டது தான்தான் என்று அவர் நினைத்துக்கொண்டார். அதற்கான கூலியை மறுநாள் காலை என் மகள் கொடுத்தாள். வழக்கமான கிண்ணத்துக்குப் பதில் பெரிய கிண்ணம் வந்தது.

அந்தக் கிண்ணத்தைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது. காலையில் நான் புடவை கட்டிக்கொண்டிருக்கும்போது ராகி வேகும் வாசம் வரும். அந்த வாசத்துக்கே என் மகள் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். நங்கையா குனிந்து, “வாங்க சாமி, வாங்க தங்கம்” என்று கூப்பிட்டபடி காலைப் பிடித்து இழுப்பார். பிறகு நீட்டிய கால்கள், செருகிய கைகள், மூக்கு, கரண்டி. பாதியில் வாந்தி வரும். வாந்தி வந்தால் விட்டுவிடுவார் என்று முதலில் நான் நினைத்தேன். இல்லை. துடைத்துவிட்டு, புதிதாக ஒரு கிண்ணம் ஊற்றிக்கொண்டு வருவார். “இப்ப வயிறு காலியா இருக்குமுங்க. நல்லா எறங்கும்” என்பார்.

நான் சண்டை போடாமல் இல்லை. தினமும் போட்டேன், தினமும் தோற்றேன். “ஒங்களுக்கு ஆபீஸுக்கு நேரமாச்சுங்க” என்பார் நங்கையா. அவ்வளவுதான் அவருடைய பதில். அது உண்மையாகவும் இருக்கும். லீவு போட்டுவிட்டு இரண்டு நாள் வீட்டில் நின்று பார்த்தேன். நான் கொடுத்ததையும் குழந்தை வாங்கவில்லை. கரண்டி தெரிந்தாலே, அது யார் கையில் இருக்கிறது என்று பார்க்காமல், கண்ணை இறுக மூடி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். “பாத்தியா?” என்றார் கணவர். அவர் அப்போது இட்லியைச் சட்னியில் புரட்டிக்கொண்டிருந்தார். தட்டைப் பிடுங்கி அவர் மூக்கைப் பிடிக்க வேண்டும்போல இருந்தது. சட்னியை இன்னொரு கரண்டி போட்டேன். அதில் உப்பைக் கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்திருந்தேன் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது.

பிள்ளைகள் முட்டாள்கள் இல்லை. என் மகள் கூழைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்ளக் கற்றாள். முழுங்கியதுபோலத் தொண்டையை அசைத்துக் காட்டிவிட்டு, விடுதலையானதும் வாசலுக்குப் போய் அப்பாவின் ஃபேக்டரி ஷூவுக்குள் துப்பினாள். அவர் காலை உள்ளே விட்டபோது வீட்டில் நான் ஒருத்திதான் சந்தோஷப்பட்டேன். அதன் பிறகு ஒவ்வொரு வாய்க்கும் நங்கையா விரலை உள்ளே விட்டுக் கன்னத்தைத் துழாவிப் பார்த்தார்.

கிண்ணம் காலியானதும் பரிசு உண்டு. இங்கேதான் நாங்கள் எல்லாரும் கண்ணைத் திறந்துகொண்டே கிணற்றில் விழுந்தோம். பரிசு என்னவென்றால் டீ. எஸ்டேட்டில் மாதாமாதம் ஸ்டாஃபுக்குத் தூள் தருவார்கள். கணவர் கையால் ஆன தூள். அதில் பால் டீ போட்டு, ஊட்டி வர்க்கியை நனைத்து நனைத்துக் குழந்தை வாயில் வைப்பார் நங்கையா. அதற்கு மட்டும் மூக்கைப் பிடிக்க வேண்டியதில்லை. என் மகள் வாயைத் திறந்துகொண்டு ஓடிவருவாள். குளிருக்கு இதமாக இருக்கும், சளி கட்டாது, புள்ளைக்குத் தெம்பு. இந்த மலையில் யார் வீட்டில்தான் கொடுக்கவில்லை? “பாலுதானுங்க, நெறத்துக்கு ஒரு சொட்டு டிக்காசன்” என்று அவர் சொன்னதை நானும் நம்பினேன். நாள் முழுக்க அதே டீயைக் குடித்துக்கொண்டு டீ பில் அடித்துக்கொண்டிருக்கும் எனக்கு, டீ ஒரு பொருளாகவே தோன்றவில்லை. அது தண்ணீர் மாதிரி இருந்தது.

ஒருநாள் ஆபீஸிலிருந்து வந்தபோது என் மகள் சமையலறை மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எங்கள் குவார்ட்டர்ஸ் சுவர் எப்போதும் ஓதம் அடித்து, வெள்ளை உப்பிப் பெயர்ந்துகொண்டிருக்கும். அதை நகத்தால் சுரண்டி, நக்கிக்கொண்டிருந்தாள். வாயைச் சுற்றி வெள்ளையாக இருந்தது. நான் பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்ததும் அவசர அவசரமாக முழுங்கினாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு என் மகள் ஆசையாக எதையோ சாப்பிட்டதை அன்றுதான் பார்த்தேன். 

மறுநாள் கோத்தகிரியில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோனேன். கணவரும் நங்கையாவும் வந்தார்கள். டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். குழந்தையின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை. ரத்தம் எடுத்தார்கள். அறிக்கை வந்ததும் என்னிடம் மட்டும் பேசினார். பின்னால் நின்ற அப்பாவும் அத்தையும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

“இரும்புச் சத்து ரொம்பக் கம்மியா இருக்கு. அதான் சுவரைத் திங்குறா. டீ குடுக்கிறீங்களா?”

நான் தலையாட்டினேன்.

“சும்மாவா, வர்க்கி தொட்டா?”

“வர்க்கி தொட்டுங்க” என்றார் நங்கையா, பின்னாலிருந்து. “சாப்புட்ட ஒடனே.”

“சாப்பாட்டோட டீ போச்சுன்னா, சாப்பாட்டுல இருக்குற இரும்பு ஒடம்புல சேராது. நீங்க பாட்டுக்கு ஊட்டுறீங்க, அது பாட்டுக்கு வெளிய போயிருது” என்று டாக்டர் என்னைப் பார்த்தே சொன்னார். “படிச்சவங்கதானே நீங்க?”

மூக்கைப் பிடித்து, கையை நசுக்கி, வாந்தியைத் துடைத்து மறுபடியும் ஊட்டிய அத்தனை ராகியும் அந்த ஒரு டம்ளர் பரிசில் பாழாய்ப் போயிருக்கிறது. இதைவிடக் கேவலமான வேடிக்கையை யாராவது யோசித்துச் செய்ய முடியுமா என்று தெரியவில்லை. வலுக்கட்டாயமாக ஊட்டுவதைப் பற்றிக் கேட்டேன். உடனே நிறுத்தச் சொன்னார். தட்டைக் குழந்தை முன்னால் வைத்துவிட்டு விலகிவிடுங்கள், அவள் கையால் அவள் சாப்பிடட்டும், எவ்வளவு என்று அவள் முடிவு செய்யட்டும் என்றார். இவ்வளவு நாள் நடந்தது அவள் மனதில் நிற்குமா என்று கேட்டதற்கு, “சின்ன வயசு. மறந்துரும்” என்றார்.

திரும்பிவரும் ஜீப்பில் அரவேணு தாண்டியதும் கணவர், “டீயில ஒண்ணும் இருக்காது. அந்த டாக்டரம்மாவுக்கு என்ன தெரியும்? நாங்கெல்லாம் குடிச்சு வளரலியா?” என்றார். பிள்ளைக்கு ரத்தம் இல்லை என்பதைவிட, டீயின் மேல் பழி வந்ததுதான் அவருக்கு உறைத்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நங்கையா நேராக அடுப்படிக்குப் போனார். ராகி மாவைக் கரைக்க ஆரம்பித்தார். நான் அடுப்பை அணைத்தேன். இனி யாரும் ஊட்டக் கூடாது, டீ கிடையாது, கரண்டி குழந்தையின் கையில்தான் இருக்க வேண்டும், வேறு யார் கையிலும் அதைப் பார்க்கக் கூடாது என்றேன். சட்டம் போடுகிற மாதிரிதான் சொன்னேன்.

“டீய நிறுத்திக்கலாமுங்க. ஆனா ஊட்டாம எப்படிங்க? புள்ள பட்டினி கெடந்து செத்துருமுங்க” என்றார். கரைத்த மாவுக் கை அப்படியே நின்றது. “நான் ஒரு புள்ளைய வளத்து ஆளாக்கியிருக்கிறேனுங்க.”

“வளத்தீங்க. பெத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்” என்றேன்.

தமிழில் ஒரு பெண்ணை இதைவிட ஆழமாகக் குத்தும் வாக்கியம் கிடையாது. தேடித்தான் எடுத்தேன். பல நாள் நாக்கின் அடியில் வைத்திருந்து, அன்று எடுத்தேன். அவர் கையைக் கழுவினார். மெதுவாக, விரல் இடுக்கிலெல்லாம் மாவு போகும்வரை கழுவினார். பிறகு தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தார். மறுநாள் முதல் பஸ்ஸில் நங்கையா போய்விட்டார். கரண்டியை எடுத்துக்கொள்ளவில்லை. கிளம்பும்போது என்னிடம், “உடம்பப் பாத்துக்குங்க” என்றார். மரியாதை அப்போதும் குறையவில்லை. நான் சொன்ன அந்த வார்த்தைக்காக இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்பதாகவும் இல்லை.

அதன் பிறகு நடந்தது ஒன்றும் அழகாக இல்லை. குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டேன். கணவரின் கௌரவம் என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவில்லை. வீட்டில் தட்டை வைத்துவிட்டு விலகி உட்காருவேன். அவள் தட்டைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், நான் எந்த நேரம் பாய்வேன் என்று காத்திருப்பாள். பல நாள் தட்டு அப்படியே திரும்பியது. “அக்காவ அனுப்பிட்டுப் புள்ளையக் கொல்றீங்க” என்றார் கணவர். மூன்றாவது மனிதரோடு பேசுவதுபோல என்னிடமும் அவருக்கு ‘ங்க’ வந்துவிட்டிருந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பசித்த பிள்ளை முன்னால் சோற்றை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதும் ஒரு கொடுமைதான்.

முதலில் அவள் சாப்பிட்டது தட்டிலிருந்தது அல்ல, தரையில் சிந்திய பருக்கைகள். யாரும் பார்க்காதபோது ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றாள். அதனால் நான் வேண்டுமென்றே சிந்தினேன். நாய்க்குப் போடுகிற மாதிரி சோற்றை முற்றத்துப் பாயில் சிந்திவிட்டு உள்ளே போய்விடுவேன். பிறகு வேகவைத்த முட்டையின் மஞ்சள், பிறகு கீரை பிசைந்த உருண்டை, வயலிலிருந்து வந்த பச்சைக் கேரட். எல்லாம் கையால்தான். அந்தக் கரண்டியை மட்டும் தொடமாட்டாள். கொஞ்ச நாள் கழித்து அதை எடுத்து முற்றத்தில் மண் தோண்டினாள். இரும்புச் சத்து மருந்தில் பல் கறுத்துப்போனது. “ஏனுங்க, புள்ளைக்கு இந்த வயசுலயே சொத்தையா?” என்று அதே ஆட்கள் கேட்டார்கள்.

ஆனால் சுவரைச் சுரண்டுவது நின்றது. இமைக்குள் சிவப்பு வந்தது. இன்றைக்கும் மெலிந்தவள்தான், மெலிந்தபடியே மேட்டில் ஏறி ஓடுவாள். ராகி வாசத்துக்கும் அவள் ஒளிவதில்லை. டாக்டர் சொன்னபடி மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அத்தை என்ற பேச்சையே அவள் எடுக்கவில்லை. இந்தப் போரில் நான் ஜெயித்துவிட்டேன் என்று, யாரிடமும் சொல்லாமல், எனக்குள் ஒரு கர்வம் இருந்தது.

போன மழைக்காலத்தில் நங்கையாவுக்குக் கடுமையான காய்ச்சல். ஆஸ்பத்திரியிலிருந்து விட்டார்கள், ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. கீழே மேட்டுப்பாளையத்தில் தனியாகக் கிடந்தால் போய்விடுவார் என்று கணவர் டாக்ஸி வைத்து மேலே கூட்டிவந்தார். முன்னறைக் கட்டிலில் கிடத்தினார். நான் பார்த்த அந்த நீட்டிய கால்கள் குச்சியாகியிருந்தன. கன்னம் ஒட்டிவிட்டது. ஈரத்துக்கும் ஸ்வெட்டருக்கும் கழித்தால் மிச்சம் என்ன இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை எழுதுகிறேன்.

“அக்கா, ஒரு வாய் கஞ்சி குடிங்க” என்று கணவர் கெஞ்சிப் பார்த்தார். “வேண்டாஞ் சாமி, கசக்குது” என்று அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஃபேக்டரிக்கு நேரமானதும் கணவர் என்னிடம் வந்து நின்றார். “எப்படியாச்சும் கொஞ்சம் குடுத்துருங்க. இல்லீன்னா அக்கா பொழைக்காது.” எப்படியாச்சும் என்று அவர்தான் சொன்னார்.

கஞ்சி காய்ச்சினேன். கரண்டிகள் எத்தனையோ இருந்தன. முற்றத்தில் கிடந்த அந்தக் குழிவான கரண்டியை எடுத்துத் தேய்த்துக் கழுவினேன். வேண்டுமென்றுதான் எடுத்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அதில் கஞ்சியை மொண்டு அவர் வாயருகே கொண்டுபோனேன். அவருக்குக் கரண்டி அடையாளம் தெரிந்தது.

“ஆக் காட்டுங்க, நங்கையா” என்றேன். “ஒரே ஒரு வாயிங்க.”

அவர் என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. உதட்டை இறுக மூடிக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் இனித்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மறுபடியும் சொன்னேன், இன்னும் குழைந்து, அவர் குரலிலேயே. உதடு திறக்கவில்லை.

என் மகள் வாசற்படியில் உட்கார்ந்து கேரட் கடித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், கேரட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவந்தாள். கட்டிலில் ஏறினாள். அத்தையின் கையை எடுத்துத் தன் முழங்காலுக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்தாள். இரண்டு விரலால் அவர் மூக்கைப் பிடித்தாள்.

“இப்படிப் புடிக்கணுமுங்கம்மா” என்றாள் என்னிடம். “அப்பத்தான் தொறப்பாங்க.”

முகத்தில் கோபமே இல்லை. எனக்கு இருந்த இனிப்பு அவளுக்கு இல்லை. தெரியாத ஒருத்திக்குத் தெரிந்த வேலையைக் காட்டிக் கொடுக்கிற அக்கறைதான் இருந்தது. அத்தையின் பக்கம் குனிந்து, தலையை அவரைப் போலவே ஒரு பக்கம் சாய்த்து, “ஆக் காட்டுங்க சாமி. நல்ல சாமியில்லீங்களா நீங்க? எல்லாம் முழுங்கிட்டா டீ தருவேனுங்க” என்றாள்.

ஒரு வார்த்தை தவறவில்லை. அந்தக் குரலின் ஏற்ற இறக்கம்கூட மாறவில்லை. ஒன்றைக்கூட மறக்காமல் இத்தனை நாள் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்திருக்கிறாள்.

நங்கையா நினைத்திருந்தால் அந்தச் சின்ன விரல்களை ஒரு ஆட்டில் உதறியிருக்கலாம். வாயால் மூச்சு வாங்க வேண்டிய அளவுக்குக்கூட அந்தப் பிடி இறுகவில்லை. அவர் என் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாயை நன்றாக, அகலமாகத் திறந்தார்.

கரண்டி என் கையிலேயே நின்றது. என்னால் அதை முன்னே கொண்டுபோக முடியவில்லை. என் மகள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள்.

“கரண்டியக் குடுங்கம்மா” என்றாள்.

கரண்டி அவள் கையில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டவள் நான். கொடுத்தேன்.